நெற்றியில் புடைப்பது நரம்பல்ல, நாளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை எங்கள் பக்கத்து வளவுக்காரர் பத்திரிகை ஒன்றை நாலாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உங்கள் பத்திரிகைதான். யாரோ ஒருவர் 'மூளை நரம்பு வெடித்து' இறந்துபோனார் என்று உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. அதைக் காட்டி, "டீச்சர், எனக்கும் நெத்தியில நரம்பு எழும்புறதானே. இதுவும் ஒருநாளைக்கு வெடிக்குமா?" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

அவர் கூத்துக்காரர். பகலில் வெற்றிலைத் தோட்டம், இரவில் களரி. வடமோடிக் கூத்தில் வீமனுக்கு ஆடுகிறவர். தொண்டையைத் திறந்து பாட்டெடுத்து, மத்தளத்தின் அடிக்குச் சுழன்று வரும்போது அவருடைய நெற்றி நடுவில் இரண்டு கோடுகள் ஈர்க்கு மொத்தத்தில் எழும்பும். அதைப் பார்த்துத்தான் வீமனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று சின்னப் பிள்ளைகள் கத்துவார்கள். இப்போது அதே கோடுகளுக்குப் பயந்து, இந்த வருடம் ஆடவில்லை என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் சொல்லிவிட்டாராம். மனைவியும் விடமாட்டேன் என்று நிற்கிறாவாம்.

நான் முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். அதில் பதினாலு வருடம், குருமண்வெளித் துறையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி, வாவி கடந்து மண்டூர்ப் பக்கம் போய்ப் படிப்பித்தேன். கூத்துக்காரர் என் திண்ணையில் இருந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அரை மணித்தியாலம் பிடித்தது. அதில் பாதி நேரம் 'நரம்பு' என்ற ஒரு சொல்லைப் பிரித்து வைக்கவே போய்விட்டது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாம் எதையெல்லாம் நரம்பு என்கிறோம் என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றும்போது நரம்பு பிடிபடவில்லை என்கிறோம். வயதானவர்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது என்கிறோம். பொறிதெறிப்பதுபோலக் குத்தினால் நரம்பு இழுக்கிறது, கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி. வீணையில் மீட்டுகிற கம்பியும் நரம்புதான். கயிறுபோலத் தெரிவதையெல்லாம் நரம்பு என்று சொன்னது நம்முடைய பழைய வழக்கு. அதில் குற்றமில்லை. வீட்டில் அப்படியே கதைத்துக்கொள்ளலாம். ஆனால் உடம்பைப் பற்றி அச்சில் எழுதும்போது அந்த ஒரு சொல் மூன்று வேறு சாமான்களை ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது.

நரம்பு என்றால் மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோவது. அதன் வழியே இரத்தம் ஓடுவதில்லை. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகிற குழாய் நாடி. வெளியே போன இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிற குழாய் நாளம். நம் நாட்டுப் பாடப்புத்தகத்தில் உள்ள சொற்கள் இவை. தமிழ்நாட்டில் தமனி, சிரை என்று எழுதுவார்கள். எந்தச் சொல்லானாலும் சரி, மூன்றும் மூன்றாக இருந்தால் போதும். (எங்கள் ஊரில் நாடி என்றால் முகவாய்க்கட்டையும்தான், பரியாரி கை பிடித்துப் பார்ப்பதும்தான். வகுப்பில் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே எனக்கு ஒரு பாடவேளை போகும்.)

நெற்றியிலே இந்த மூன்றும் உண்டு. புருவத்துக்குக் கீழே கண்குழியின் மேல் விளிம்பை மூக்குப் பக்கமிருந்து விரலால் மெல்லத் தடவிக்கொண்டு வந்தால் ஒரு சின்னப் பள்ளம் அகப்படும். சிலருக்குப் பள்ளமாக இல்லாமல் துளையாக இருக்கும், அப்போது விரலுக்குத் தெரியாது. அந்த வழியாகத்தான் நெற்றித் தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு வெளியே வருகிறது. கொஞ்சம் அழுத்தினால் கூசும். அது உண்மையான நரம்பு, அது வெளியே புடைத்துத் தெரியாது. கன்னப்பொறியில் விரல் வைத்தால் துடிப்பது நாடி. புடைத்துத் தெரிந்தும் துடிக்காமல் இருப்பது, விரலால் அழுத்தினால் வெறுமையாகி, விரலை எடுத்தவுடன் மறுபடி நிரம்புவது நாளம். கூத்துக்காரரின் விரலையே எடுத்து அவர் நெற்றியில் வைத்துக் காட்டினேன். "துடிக்கேல்லத்தான் டீச்சர்" என்றார்.

திருநீறு பூசினால் மூன்று கோடும் குறுக்கே போகும். அந்தக் கோடுகளை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு, நடுநெற்றிக்கு இருபக்கமும் இரண்டு நாளங்கள் இறங்குகின்றன. சிலருக்கு ஒன்றுதான் எடுப்பாகத் தெரியும். மயிர் தொடங்குகிற இடத்துக்கு மேலே வலைபோலப் பின்னிக் கிடக்கிற சின்ன நாளங்களிலிருந்து சேர்ந்து வருகிறவை இவை. பொட்டு வைக்கிற இடத்தின் இருபுறமாகவும் வந்து, மூக்கின் வேரில் குறுக்கே ஒரு சின்னக் கிளையால் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொன்றும் தன் பக்கத்துப் புருவத்தோடு வருகிற இன்னொரு நாளத்தைச் சேர்த்துக்கொண்டு, கண்ணின் உள்மூலையில் இறங்கி, மூக்கோரமாகக் கன்னத்தைக் கடந்து, தாடைக்குக் கீழே கழுத்து நாளத்துக்குப் போகிறது. அங்கிருந்து மேற்பெருநாளம், பிறகு இதயத்தின் வலது சோணையறை. இது நாங்கள் எல்லோரும் படித்த வழிதான்.

இந்த நாளங்கள் செய்வது என்ன என்று கேட்டால், நெற்றித் தோலுக்கும் அதன் அடியில் புருவத்தை உயர்த்துகிற தசைக்கும் நாடி வழியாக வந்து வேலை முடித்த இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோவது. வெயிலில் நிற்கும்போது சூடான இரத்தம் தோலுக்கு நிறைய வரும், வியர்வை காயும், ஆறிய இரத்தம் இந்த வழியாகத் திரும்பும். சித்திரை வெயிலில் வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நிற்கிறவர்களின் நெற்றியைப் பார்த்தால் தெரியும். நீலமாகவோ பச்சையாகவோ தெரிவதால் உள்ளே கெட்ட இரத்தம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது கருஞ்சிவப்பு இரத்தம். தோலுக்குள் ஒளி போய்த் திரும்புகிற விதத்தால் நமக்கு அந்த நிறம் படுகிறது.

பாட்டெடுக்கும்போதும் சங்கு ஊதும்போதும் உர மூட்டை தூக்கும்போதும் அது ஏன் எழும்புகிறது? மூச்சை அடக்கி முக்கினால் நெஞ்சறைக்குள் அமுக்கம் கூடுகிறது. இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் கழுத்திலேயே தாமதிக்கிறது. கழுத்து நிரம்ப, முகம் நிரம்ப, நெற்றியும் நிரம்புகிறது. மூச்சை விட்டதும் வடிந்துவிடும். குனிந்தாலும், விழுந்து விழுந்து சிரித்தாலும் இதுதான். மெலிந்த தேகக்காரருக்கும், வயது போய்த் தோல் மெலிந்தவர்களுக்கும் கூடுதலாகத் தெரியும். செத்த வீட்டில் சங்கு ஊதுகிறவரின் நெற்றியைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை வருடமாக ஊதுகிறார், அவருக்கு ஒன்றும் வெடித்ததில்லை.

'மூளை நரம்பு வெடித்தது' என்று எழுதுகிறபோது உண்மையில் பெரும்பாலும் உடைவது மண்டையோட்டுக்கு உள்ளே இருக்கிற நாடி. வருடக்கணக்காகப் பார்க்காமல் விட்ட உயர் இரத்த அழுத்தம் ஒரு காரணம். நாடியின் சுவர் ஓரிடத்தில் பலவீனப்பட்டு பலூன்போல வீங்கி உடைவது இன்னொரு காரணம். அது கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. நெற்றியில் கோடு எழும்பாதவருக்கும் வரும். ஆகவே கூத்துக்காரருக்கு நான் சொன்னது, நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் போய்ப் பிரஷரை அளந்துகொண்டு வாருங்கள் என்பதுதான்.

இந்த அளவோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் பயப்படத் தேவையில்லாத இடத்தில் இப்படிப் பயப்படுகிற நாங்கள், பயப்பட வேண்டிய இடத்தில் எவ்வளவு துணிச்சலாக இருக்கிறோம் என்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதையும் சொல்ல வேண்டும்.

2019இல் என் தங்கச்சியின் மகளுக்கு உயர்தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. இரவிரவாக விழித்திருந்து படித்த பிள்ளை. பொட்டு வைக்கிற இடத்தில், இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு கட்டி வந்தது. பழுத்திருக்கிறது, குத்திவிட்டால் நோவு குறையும் என்று தங்கச்சி தேசி முள்ளால் குத்திப் பிதுக்கி மஞ்சள் அரைத்துப் பூசினாள். தங்கச்சியில் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அம்மாவும் எங்களுக்கு அப்படித்தான் செய்தவ. அந்த முள்ளை என் வளவுத் தேசி மரத்தில்தான் ஒடித்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் வலது கண்ணிமை வீங்கி மூடிக்கொண்டது. முதலில் காட்டின இடத்தில், இரவிரவாகப் படித்ததால் வந்த 'நரம்புச் சூடு' என்று சொல்லி, பரசிட்டமோலும் கண்ணுக்குத் துளிமருந்தும் தந்து அனுப்பினார்கள். அன்று பின்னேரம் நடுக்கம் வந்தது. தலை பிளக்கிறது என்று அழுதாள். நான் இமையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். கண் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. என் சுட்டுவிரலைக் காட்டி, பார் பிள்ளை, என் விரலோடு கண்ணைக் கொண்டு வா என்றேன். வலப்பக்கம் கொண்டுபோக இடது கண் வந்தது, வலது கண் நடுவிலேயே நின்றுவிட்டது. "பெரியம்மா, ரெண்டு விரல் தெரியுது" என்றாள்.

எனக்கு அப்போது என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் ஒரு கண் ஓடாமல் நிற்பது கண்நோவு அல்ல என்று மட்டும் தெரிந்தது. ஆட்டோ பிடித்து, தங்கச்சி மடியில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த இளம் டொக்டர் ஒருவர், ஸ்கான் எடுத்து மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு, என்னை டீச்சர் என்று தெரிந்துகொண்டு, ஒரு தாளின் பின்பக்கத்தில் முகம் ஒன்றை வரைந்து விளங்கப்படுத்தினார். முப்பத்தொரு வருடம் குருதிச் சுற்றோட்டம் படிப்பித்தவளுக்கு, நெற்றி இரத்தத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த இன்னொரு வழி இதுதான். கண்ணின் உள்மூலையிலிருந்தும் புருவத்துக்குக் கீழே நான் சொன்ன அந்தப் பள்ளத்திலிருந்தும் கிளைகள் கண்குழிக்குள் போகின்றன. அங்கே கண்ணுக்கு மேலாக ஓடுகிற ஒரு நாளத்தில் சேர்கின்றன. அது பின்னுக்குப் போய், மண்டையோட்டில் உள்ள ஒரு வெடிப்பு வழியாக நுழைந்து, மூளையின் அடியில் கபச்சுரப்பிக்கு இருமருங்கிலும் இருக்கிற ஒரு குருதிக் குளத்தில் விழுகிறது. கவெர்னஸ் சைனஸ் என்று பெயர். மூளைக்குப் போகிற பெரிய நாடி அந்தக் குளத்துக்குள்ளாலேயே போகிறது. கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பும் அதற்குள்ளாலேதான். கண்ணை ஆட்டுகிற மற்ற நரம்புகளும், நெற்றிக்கும் கன்னத்துக்கும் உணர்ச்சி தருகிற நரம்புகளும் அதன் கரையோடு போகின்றன. இப்போது விளங்குகிறதா, பிள்ளையின் கண் ஏன் வெளியே திரும்பவில்லை என்று? கட்டியிலிருந்த கிருமி நாளத்துக்குள் இறங்கி, அந்தக் குளத்தில் இரத்தத்தை உறையவைத்திருந்தது.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த நமது வாவியே போதும். மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள். ஒன்று பாலமீன்மடுப் பக்கம், மற்றது கல்லாற்றில். மாரியில் தண்ணீர் கடலுக்குப் போகும். கோடையில் அதே வாயால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். ஒரு வாய் மண் மூடினால் தண்ணீர் மற்றப் பக்கம் தேடும், அல்லது பின்வாங்கிப் படுவான்கரை வயலுக்குள் ஏறும். முகத்துவாரம் வெட்டு, வெட்டு என்று ஆட்கள் நிற்பது அதனால்தான். நெற்றி நாளத்துக்கும் கன்னத்தின் வழி ஒரு வாய், கண்குழியின் வழி ஒரு வாய். கட்டியைப் பிதுக்கினால் அமுக்கம் எந்தப் பக்கம் தள்ளுமோ, சீழ் அந்தப் பக்கம் போகும்.

இதிலே ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். இரத்தத்தை ஒரே பக்கம் மட்டும் போகவிடுகிற வால்வுகள் முகத்து நாளங்களில் இல்லவே இல்லை, அதனால்தான் இரத்தம் பின்னுக்குப் போகிறது என்று பழைய நூல்கள் எழுதிவந்தன. 2010இல் வெளியான ஓர் ஆய்வு அவற்றிலும் வால்வுகள் உண்டு என்று காட்டியது. ஆகவே வால்வு இல்லை என்பது காரணமல்ல. வெளிக்கும் உள்ளுக்கும் வழி திறந்து தொடர்ந்திருப்பதுதான் காரணம். வால்வு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்குப் புறங்கையிலேயே காட்டலாம். இரத்தச் சுற்றோட்டத்தை விளக்கிய ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் முன்கையில் காட்டின பரிசோதனைதான். கையைத் தொங்கவிட்டு, புடைத்த நாளம் ஒன்றை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்ற விரலால் அதிலுள்ள இரத்தத்தை மணிக்கட்டுப் பக்கம் தடவி விடுங்கள். மேலே போன இரத்தம் திரும்பி வராது. அழுத்தின விரலை எடுத்தால்தான் கீழிருந்து நிரம்பும். என் வகுப்பில் இதைச் செய்து காட்டாத வருடம் இல்லை.

தங்கச்சியின் மகள் பிழைத்தாள். நாலு கிழமைக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், கண் பழையபடி ஓட மாதங்கள் பிடித்தன. பரீட்சையை அடுத்த வருடம் எழுதினாள். அன்டிபயோட்டிக் வருவதற்கு முந்தின காலத்தில் இந்த வருத்தம் வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் இறந்துதான் போனார்கள் என்று அந்த டொக்டர் சொன்னார். இது அடிக்கடி வருகிற வருத்தம் அல்ல. ஆயிரம் பரு பிதுக்கினால் ஆயிரமும் ஆறிவிடலாம். ஆனால் வந்த ஒரு பிள்ளையை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆகவே தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு புருவத்துக்கும் நடுவிலிருந்து வாயின் இரண்டு மூலைகள் வரைக்கும் ஒரு முக்கோணம் போட்டுப் பாருங்கள். அதற்குள் வருகிற கட்டியை, பருவைக் குத்த வேண்டாம், பிதுக்க வேண்டாம், மூக்குக்குள் வருவதையும் நகத்தால் நோண்ட வேண்டாம். சுடுதண்ணீரில் தோய்த்த சுத்தமான சீலையால் ஒத்தடம் கொடுங்கள், கையை எடுங்கள். காய்ச்சலோடு கண்ணிமை வீங்கினால், கண் முன்னுக்குத் தள்ளினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அந்த இரவே கொண்டுபோங்கள். டொக்டரிடம் கட்டியைக் குத்தினதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் காட்டின இடத்தில் நாங்கள் அதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

வயதானவர்களுக்கும் ஒன்று. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, கன்னப்பொறியில் தொட்டால் நோக, சாப்பாடு மெல்லும்போது தாடை கடுத்தால், 'நரம்பு இழுக்குது' என்று பாம் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம். அது அந்தத் துடிக்கிற நாடியில் வருகிற அழற்சியாக இருக்கலாம். நம்மவர்களிடையே அரிதுதான். ஆனால் பார்வையைப் பறித்துவிடும், பறித்தால் திரும்பி வராது. இங்கேயும் பாருங்கள், நாடி என்று சொல்லியிருந்தால் ஒருவேளை வேளைக்குப் போயிருப்பார்கள். நரம்பு என்றவுடன் எண்ணெயும் பாமும்தான் ஞாபகம் வருகிறது.

ஆசிரியர் அவர்களே, தமிழில் இதையெல்லாம் எழுத முடியாது என்று யாரும் சொல்ல இடமில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியைப் படித்து அத்தனை பாடுபட்டிருக்கிறார். நாம் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று சொற்களைச் செய்தியில் பிரித்து எழுதுவது பெரிய வேலை அல்ல. உங்கள் நிருபர்களிடம் சொல்லிவிடுங்கள். உள்ளே உடைந்தது நாடி என்று டொக்டர் சொன்னால் நாடி என்றே எழுதட்டும், எதுவென்று தெரியாவிட்டால் இரத்தக்குழாய் என்று எழுதட்டும். தலைப்பில் இடம் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும்.

நெற்றி நாளங்கள் போகிற இரண்டு வழியையும் ஒரு தாளில் மையால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். சிறிதாகப் போட்டாலும் தெரியும்படி கோடுகளைத் தடிப்பாக இழுத்திருக்கிறேன். முடிந்தால் கடிதத்தோடு அதையும் போடுங்கள். கூத்துக்குச் சதங்கை அணிவதற்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, வீமனுக்கு வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்னர் பத்திரிகையில் வந்தால், அவர் மனைவிக்குக் காட்ட எனக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
களுதாவளை.